மாதிரிக் கையெழுத்து

உலகநாதன் ஓய்வு நேரத்தில் இன்சூரன்ஸ் பிடித்துவந்தார். அவருடைய ஓய்வு நேரம் தினமும் காலை பத்தரை மணிக்கு ஆபீசில் ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்கு முடியும். நடுவில் ஃபைல்கள் குறுக்கிடுவதுண்டு. அவற்றை மேஜையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி பிரீமியம் அட்டவணையைக் கையில் எடுப்பார். ஐந்து மணிக்கு மேல் உழைப்பது உடம்புக்கு ஆகாது என்பதில் உறுதியாக இருந்தார். வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொள்வார்.

ஆபீஸ் செங்கல்பட்டில், ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. என்ன ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே நடையாய் நடந்த ஜனங்களுக்கே அது என்ன ஆபீஸ் என்று கடைசிவரை பிடிபட்டதில்லை. 1974-ஆம் வருஷம் அதில் பதினோரு ஆண்கள் சம்பளம் வாங்கினார்கள்.

சர்க்கார் ஊழியர் வேறு தொழில் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. விதி என்று ஒன்று இருந்தால் பக்கத்திலேயே ஒரு சந்தும் இருக்கும். இந்த விதிக்குப் பக்கத்துச் சந்தின் பெயர் சம்சாரம். பதினோரு பேரில் ஏழு பேருடைய சம்சாரங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள். காகிதங்களைப் பார்த்தால் அந்த ஏழு பெண்மணிகளும் வெயில் மழை பாராமல் ஊர் ஊராக அலைந்து மக்களுக்கு எதிர்காலத்தைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிஜத்தில் அவர்கள் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். மீதி நாலு பேர் கல்யாணமாகாதவர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் முதல் கேள்வியாகப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதா என்று கேட்டது, சட்டத்தின்மீது இருந்த மரியாதையால் அல்ல. பதினெட்டுக்குக் கீழே ஏஜென்சி தரமாட்டார்கள்.

ஏழு ஏஜென்ட்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தால் யாரிடம் விற்பது? முதல் மாதம் ஒருவருக்கொருவர் பாலிசி போட்டு முடித்தார்கள். இரண்டாம் மாதம் மைத்துனர்கள் தீர்ந்தார்கள். மூன்றாம் மாதம் ஒருவரை ஒருவர் பார்த்தாலே சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்கள். அந்த இக்கட்டில்தான் உலகநாதனின் கண் கடற்கரைப் பக்கம் திரும்பியது. அவருடைய இலாகா வேலையில் மாதம் இரண்டு நாள் மாமல்லபுரம் பக்கம் போய் எதையோ பார்வையிட்டு வரவேண்டியிருந்தது. பஸ் சார்ஜ் சர்க்காருடையது. எதையோ கால் மணி நேரம் பார்வையிடுவார். மிச்ச நேரம் மீனவக் குப்பத்தில் மணலில் கால் புதையப் புதைய நடந்து பாலிசி போடுவார்.

அவருடைய சம்சாரம் வச்சலாவுக்கு இதெல்லாம் காதால் கேட்ட சங்கதி. எட்டாவது படித்தவள். தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வீட்டில் காய்கறி வாங்குவது அந்தக் காசில்தான். உலகநாதன் யாரிடமாவது அவளைப் பற்றிச் சொன்னால், "வூட்ல சும்மாதான் கீறா" என்பார்.

அவள் ஏஜென்ட் ஆனது ஒரு வியாழக்கிழமை. உலகநாதன் விண்ணப்பத்தை நீட்டியபோது அவள் கை ஆட்டுக்கல்லில் இருந்தது.

"இன்னாங்க அவசரம்? கை கழுவிகினு வரேன்."

கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் ஏஜென்ட் ஆகியிருந்தாள். மாதிரிக் கையெழுத்து என்று போட்டிருந்த கட்டத்தில் அவரே 'வச்சலா' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைத்துவிட்டார். எந்தக் காகிதத்தில் பேர் எழுதினாலும் அப்படிக் கோடும் புள்ளியும் வைப்பது அவருக்கு ஆபீசில் வந்த வியாதி. அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் எழுபத்திரண்டு பாரங்களில் வச்சலா அதே மாதிரி கையெழுத்துப் போட்டாள். ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்க்கவில்லை.

மூன்றாம் வருஷ முடிவில் வட்டாரத்திலேயே சிறந்த பெண் ஏஜென்ட் என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. உலகநாதன் அதைக் கூடத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களைத் துடைக்கும்போது வச்சலா அதையும் துடைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா வச்சலா, உன் பேர் போட்டு கீது?" என்று கேட்டதற்கு, "யாரோ என் பேர்ல ஒருத்தி கீறாளாம். ரொம்ப கெட்டிக்காரியாம்" என்றாள்.

சான்றிதழ்தான் வினையாக முடிந்தது. அடுத்த மேஜை தர்மராஜ் தன் சம்சாரம் ஜெகதாம்பாள் பேரில் நடத்திவந்த ஏஜென்சிக்கு அந்த வருஷம் இரண்டாவது இடம். இரண்டாவது இடத்துக்குக் கண்ணாடி கிடையாது. வெறும் அட்டை. ஜெகதாம்பாள் இதைப் பற்றி ஒன்றும் வருத்தப்படவில்லை. அவளுக்குத் தான் போட்டியில் இருந்ததே தெரியாது. தர்மராஜ்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, மூன்றாம் நாள் மெட்ராஸ் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் எழுதினார்.

யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாமல் இருக்க அவர் எல்லா ஜாக்கிரதையும் எடுத்துக்கொண்டார். கையால் எழுதாமல் டைப் அடித்தார். கீழே 'உண்மை விளம்பி' என்று போட்டார். ஆனால் பத்தொன்பது வருஷ சர்வீஸ் சும்மா விடுமா? மேலே வலது மூலையில் ஆபீஸ் வழக்கப்படி ந.க. எண் போட்டு, 'பொருள்' என்று ஒரு வரி, 'பார்வை' என்று ஒரு வரி, கடைசியில் 'இணைப்பு: இல்லை. நகல்: கோப்புக்கு' என்று முடித்திருந்தார். நகலைக் கோப்பிலும் வைத்திருந்தார். ஆபீஸ் முழுக்க அதைப் படித்தது. அதோடு நிற்காமல் தர்மராஜ் டீ குடிக்கப் போகும்போதெல்லாம், "இன்னா அண்ணாத்த, மெட்ராஸ்லேர்ந்து தபால் ஏதாவது வந்துதா?" என்று உலகநாதனை விசாரித்துக்கொண்டும் இருந்தார்.

தபால் வந்தது. திருமதி வச்சலா என்ற ஏஜென்ட் வரும் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாமல்லபுரம் டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை அதிகாரி ராஜாராம் முன்பு நேரில் ஆஜராகி, தொழிலைத் தாமே நடத்துவதாக நிரூபிக்க வேண்டும். பாலிசிதாரர் ஒருவரையும் அழைத்துவர வேண்டும். தவறினால் ஏஜென்சி ரத்தாகும். கணவரின் இலாகாவுக்குத் தகவல் போகும். மாமல்லபுரத்தில் விசாரணை வைக்கக் காரணம், பாலிசிதாரர்கள் அங்கே நிறைய இருப்பது என்று கடிதம் சொன்னது. அங்கே கடல் காற்றும் வஞ்சிர மீனும் இருப்பதைக் கடிதம் சொல்லவில்லை.

'இலாகாவுக்குத் தகவல்' என்ற இடத்தை உலகநாதன் ஒன்பது தடவை படித்தார். தகவல் போனால் சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் ஆனால், வேலை செய்யாமல் வீட்டில் உட்காரவேண்டும். அதில் அவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முழுச் சம்பளம் கொடுக்கமாட்டார்கள். பிறகு வேலையே போனாலும் போகும்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை.

"வச்சலா, இப்பிடி வா. ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா நீங்களே முடிச்சிருப்பீங்களே."

விஷயத்தைச் சொன்னார். தையல் மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். வேலை போய்விடும் என்ற இடத்தில் மட்டும் மிஷின் நின்றது.

"இன்சூரன்ஸ் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

"வெள்ளிக்கெயமை துடைக்கணும்னு தெரியும்."

"வெளையாடாத. சோத்துக்கே பேஜாராயிடும்."

அவர் கற்றுக்கொடுத்தார். பிரீமியம் என்றால் என்ன, நாமினி என்றால் யார், பணம் கட்டாமல் விட்டால் பாலிசி எப்படி லாப்ஸ் ஆகும் என்று நாலு நாள் பாடம் நடந்தது. வச்சலா சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள்.

"ஆளு செத்துட்டா நாமினிக்கு எப்பிடித் தெரியும், தனுக்குத் துட்டு வரும்னு?"

"எல்லாம் பாலிசி பாண்டுல போட்டு கீது."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க சொன்னீங்களா?"

"இன்னாடி, நீ ஏஜென்ட்டா, கோர்ட்டு வக்கீலா? பதில் சொல்றத மட்டும் கத்துக்க. கேள்வி கேக்கறது அந்த ஆளு வேலை."

வியாழக்கிழமை கையெழுத்துப் பாடம். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அவர் எழுதிக் காட்டினார்.

"இது இன்னா?"

"உன் கையெழுத்து."

"என்னுது இப்பிடி இருக்காதே. உருண்டையா இருக்கும். ஸ்கூல்ல டீச்சரே நல்லா கீதுன்னு சொன்னாங்க."

"டீச்சர் சொன்னத எடுத்துகினு போய் அடுப்புல போடு. கம்பெனில இருக்கறது இதுதான். அதனால உன்னுது இதுதான்."

வச்சலா காலண்டர் தாளை இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். கோடு, கோடு, புள்ளி, புள்ளி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை தீர்ந்துவிட்டது. கடைசித் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த உலகநாதன், "ஆஹா, அப்பிடியே என் கையெழுத்து மாதிரியே கீது!" என்று மெய்ம்மறந்து பாராட்டினார்.

பாலிசிதாரருக்கும் பாடம் எடுத்தாகிவிட்டது. நடுவில் புதன்கிழமை அவர் மாமல்லபுரம் போய் எதையோ பார்வையிட்டபோது, குப்பத்தில் இருசப்பனைப் பிடித்தார். இருசப்பன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். நம்பிக்கையான ஆள், பிரீமியத்தைத் தவறவிட்டதில்லை.

"யாரு வந்து பாலிசி போட்டாங்கன்னு கேட்டா வச்சலாம்மான்னு சொல்லு."

"அது யாரு சார்?"

"என் சம்சாரம்."

"அவங்கள நான் பாத்ததே இல்லியே?"

"நான் பாத்திருக்கேன். போதும்."

சனிக்கிழமை. வயிற்று வலி என்று லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு உலகநாதன் தன் காக்கிப் பையைச் சம்சாரத்தின் தோளில் மாட்டி, அவளோடு பஸ் ஏறினார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பாடத்தை ஒரு தடவை ஒப்பிக்கச் சொன்னார். அதற்குமேல் அவருக்கு நிஜமாகவே வயிற்றை வலித்தது. லீவ் விண்ணப்பம் என்ற ஒன்றில் அவர் உண்மை எழுதிய முதல் தடவை அது.

டிராவலர்ஸ் பங்களாவில் ராஜாராம் பனியனோடு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு அதிகாரி ஆனார். எதிரே மேஜையில் எழுபத்திரண்டு பாரங்களும் கட்டாக இருந்தன.

"மீன் சொல்லியிருக்கேன். பொரிஞ்சு வர்றதுக்குள்ள விசாரணைய முடிச்சிடணும். ஆறிட்டா நல்லா இருக்காது" என்றார். "கணவர் வாசப்படியிலேயே நிக்கலாம். வாய் திறக்கக்கூடாது."

உலகநாதன் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராஜாராம் பிரீமியம் கேட்டார், வச்சலா சொன்னாள். நாமினி கேட்டார், சொன்னாள். லாப்ஸ் ஆன பாலிசியை மறுபடி உயிர்ப்பிப்பது எப்படி என்றார், சொன்னாள். நிலையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. இவ்வளவு நல்ல வாத்தியார் தான் என்பது உலகநாதனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இதெல்லாம் யார் வேணும்னாலும் மனப்பாடம் பண்ணலாம்" என்றார் ராஜாராம். "எனக்கு ஒரு பாலிசி போடுங்க, பாப்போம். எப்படிப் பேசுவீங்க?"

இது பாடத்தில் இல்லை. உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாருக்கு எத்தினி பசங்க?"

"ரெண்டு பொண்ணு."

"இப்ப இங்கேர்ந்து போற பஸ்ஸு வழியில கவுந்துட்டா, நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணுங்களுக்குப் பால் யாரு சார் வாங்குவாங்க?"

ராஜாராமின் பேனா நின்றுவிட்டது. "இந்த மாதிரி எங்கிட்ட யாரும் பேசினதில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, "பாலிசிதாரரக் கூப்பிடுங்க" என்றார்.

இருசப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த வச்சலாவை அதிகாரியின் சம்சாரம் என்று நினைத்து அவளுக்கு முதலில் ஒரு கும்பிடு போட்டான்.

"உனக்குப் பாலிசி போட்டது யாருப்பா?"

"வச்சலாம்மாதான் சார்."

"நேர்ல வந்தாங்களா?"

"எத்தினியோ வாட்டி வந்து கீறாங்க."

"எப்படி இருப்பாங்க?"

இதையும் யாரும் சொல்லித்தரவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்வது இருசப்பனின் வழக்கம். உலகநாதனின் ஆபீசில் வேலைக்குச் சேரத் தகுதியில்லாத ஆள்.

"நல்லா உசரமா இருப்பாங்க சார். தோள்ல ஒரு காக்கிப் பை. வெத்தல போட்டுப் போட்டு வாயெல்லாம் செவந்து கெடக்கும். நல்ல மீசை."

"மீசையா?"

"ஆமா சார். எண்ணெ தடவி முறுக்கி வுட்ட மீசை. குனிஞ்சி எழுதறப்ப பேப்பர் மேல படும். 'தள்ளி வெச்சி எழுதுங்கம்மா'ன்னு சொல்லலாம்னு பாப்பேன். பெரிய எடம்னு சொல்லல."

உலகநாதனின் கை அவரைக் கேட்காமலே மேலே போய் மீசையை மூடிக்கொண்டது. ராஜாராம் இருசப்பனைப் பார்த்தார். வச்சலாவைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார்.

"உலகநாதன், உள்ள வாங்க. கைய எடுங்க."

எடுத்தார்.

"இப்ப நான் உங்க இலாகாவுக்கு எழுதறதத் தவிர வேற என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க."

வாய் திறக்கக்கூடாது என்ற உத்தரவு உலகநாதனுக்கு நல்லதாகப் போயிற்று. வச்சலாதான் பேசினாள்.

"சார், அவரு சொல்றது நெஜம். வந்தது என் வூட்டுக்காரருதான். நான்தான் அனுப்பிச்சேன்."

"நீங்களா?"

"வூட்டு வேலையும் தையலும் போட்டுட்டு நான் தெனம் இம்மாந்தூரம் வர முடியுமா சார்? நான் சொல்றத எழுதிகினு வர, பையத் தூக்கிகினு போவ ஒரு ஆளு வேணும். வெளியாளு வெச்சா கூலி குடுக்கணும். இவரு சும்மாதான் கீறாரு."

"சும்மாவா? சர்க்கார் உத்தியோகம் பாக்கிறார்னு சொன்னாங்களே?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

ராஜாராமுக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி என்பதால் அதை மூக்கு வழியாக விட்டார்.

"சர்க்கார் ஆளு தொழில் செய்யக்கூடாதுன்னு ரூல் கீதாம், இவரே சொன்னாரு. சம்சாரத்துக்குப் பை தூக்கக்கூடாதுன்னு ரூல் கீதா சார்?"

ராஜாராம் யோசித்தார். விதிப் புத்தகம் முழுவதையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு விதி இல்லை. உள்ளேயிருந்து மீன் வாசனையும் வந்துவிட்டது.

"இல்ல. ஆனா எழுத்துல குடுக்கணும்" என்றார்.

உலகநாதன் நின்றபடியே எழுதினார். 'என் மனைவி திருமதி வச்சலா நடத்திவரும் தொழிலில் எனக்கு எவ்விதப் பங்கும், அபிப்பிராயமும் இல்லை என்றும், அலுவலக நேரம் நீங்கலாக, அவர் உத்தரவின்படி அவருடைய பையைச் சுமந்து செல்வதும், அவர் சொல்வதை எழுதுவதுமே என் பணி என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' 'அபிப்பிராயமும்' என்ற சொல்லை ராஜாராம் சேர்க்கச் சொன்னார். பொய்தான். ஆனால் உலகநாதன் தன் சர்வீசில் எழுதிய பொய்களில் உண்மையாகிவிடும் ஆபத்து இருந்தது இது ஒன்றுக்குத்தான்.

"அம்மா, நீங்க கடைசியா ஒரு கையெழுத்துப் போட்டா ஃபைல மூடிடலாம்."

உலகநாதன் கண்ணாலேயே ஜாடை காட்டினார். கோடு, கோடு, புள்ளி, புள்ளி. வச்சலா பேனாவை வாங்கினாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, உருண்டையாக 'வச்சலா' என்று எழுதினாள். கோடு இல்லை. புள்ளி இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ராஜாராம் பார்த்தார். கட்டிலிருந்து ஒரு பாரத்தை உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது வேற மாதிரி இருக்கே?"

உலகநாதன் மறுபடி நிலையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"அது நேத்து வரைக்கும் சார். இனிமே இதுதான் என் கையெழுத்து. மாத்தறதுக்கு ஃபாரம் இருக்குமே?"

ஃபாரம் என்ற சொல்லைக் கேட்டதும் ராஜாராமின் முகம் மலர்ந்தது. இருக்கிறதாவது! மூன்று நகல் உண்டு. பெட்டியைத் திறந்து எடுத்தார். "பழைய கையெழுத்த ஒரு தடவ போட்டு, அத அடிச்சிட்டு, கீழ புதுசப் போடணும்."

வச்சலா பழையதைப் போட்டாள். எழுபத்திரண்டு பாரங்களையும் கூட்டி வைத்துப் பார்த்தாலும் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பிறகு அதன்மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்தாள், மூன்று நகலிலும். உலகநாதனுக்கு யாரோ தன்னை அடித்த மாதிரி இருந்தது.

"இன்னிலேர்ந்து இந்தக் கையெழுத்து இல்லாம எந்த பாரம் வந்தாலும் அது போர்ஜரி. போலீசுக்குத்தான் போகும்" என்றார் ராஜாராம், உள்ளேயிருந்து வந்து சேர்ந்த மீன் தட்டைப் பார்த்துக்கொண்டே.

வெளியே வந்ததும் உலகநாதன் பெருமூச்சு விட்டார். வேலை பிழைத்தது. சந்தோஷத்தில் சம்சாரத்தை ஒரு வார்த்தை பாராட்டிவிடலாமா என்றுகூட நினைத்தார். நினைப்போடு நிறுத்திக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். கையெழுத்த ஏன் மாத்துன? பையில நான் போட்டு வெச்ச பாரம் ஆறு கீது. எல்லாம் வீணு."

"கிழிச்சிப் போடுங்க" என்றாள் வச்சலா. பிறகு இருசப்பன் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்க வூடு எங்க கீது?" என்றாள்.

"அங்க எதுக்கு?" என்றார் உலகநாதன். "ரெண்டு மணிக்கு பஸ்ஸு."

வச்சலா காக்கிப் பையை அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

சவுக்குத் தோப்பைத் தாண்டிக் குப்பம். இருசப்பனின் சம்சாரம் பூவாயி வெயிலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் உள்ளே போய்த் தகர டப்பாவிலிருந்து பாண்டை எடுத்துவந்தாள். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள்.

வச்சலா மணலில் உட்கார்ந்து, தன் ஏஜென்சியில் போட்ட பாலிசி ஒன்றை முதல் தடவையாகப் படித்தாள்.

"அண்ணனுக்கு வயசு முப்பத்திரண்டா?"

பூவாயி கெக்கலி கொட்டிச் சிரித்தாள். "இவுருக்கா? எங்க பெரியவனுக்கே இருவத்தி மூணு ஆவுது. ஒம்போது வயசுல புள்ள பெத்தாரா இந்த ஆளு? நாப்பத்தியேழு முடிஞ்சிடுச்சிம்மா."

"தொழில்னு, 'கரையில் வலை வியாபாரம்'னு கீது."

"நான் எப்ப வலை வித்தேன்?" என்றான் இருசப்பன். "தெனம் கடலுக்கில்ல போறேன்?"

வச்சலா உலகநாதனைப் பார்த்தாள்.

"வயசக் கொறச்சாத்தான் பிரீமியம் கொறையும். கொறைஞ்சாத்தான் சேருவாங்க. கடல்னு போட்டா மெட்ராஸ்ல ஆயிரம் கேப்பாங்க" என்றார் உலகநாதன். "எல்லாரும் பண்றதுதான். தர்மராஜ் பண்ணலியா?"

"இவரு கடல்ல போயிட்டா இன்னா ஆவும்?"

"கம்பெனி விசாரிக்கும்."

"விசாரிச்சா?"

"வயசு தப்பு, தொழில் தப்புன்னு…" அதற்குமேல் வாக்கியத்தை முடிக்க அவருக்கு மனசில்லை.

முடிக்காவிட்டாலும் பூவாயிக்குப் புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த மீன் செதிளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "மூணு வருசமா வந்துகினு கீறீங்களே சார்" என்றாள். "வந்தப்பல்லாம் நல்ல மீனா பாத்துப் பொறுக்கி ஓலைல கட்டிக் குடுத்தேனே. அதயாவது துன்னீங்களா, அதயும் வித்துட்டீங்களா?"

விற்கவில்லை. ஆபீஸ் மேனேஜருக்குக் கொடுத்திருந்தார். இதைச் சொன்னால் மரியாதை கூடுமா குறையுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரிபண்ணலாம்" என்றாள் வச்சலா. "வயசு திருத்தறதுக்கும் பாரம் கீதுன்னு இவருதான் சொல்லிக் குடுத்தாரு. பிரீமியம் கொஞ்சம் ஏறும் அக்கா. கட்ட முடியும்னா கட்டுங்க, முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பொய்யா ஒண்ண டப்பால வெச்சி பூட்டாதீங்க."

"ஏறட்டும். ஆளு போனா வரணும் இல்ல?" என்றாள் பூவாயி. இருசப்பன் இதைக் கேட்டு, தன் சாவைப் பற்றி இவ்வளவு தெளிவாக இரண்டு பொம்பளைகள் பேசிக்கொள்வதில் கொஞ்சம் பயந்து, அடுத்த வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுவரப் போனான்.

உலகநாதன் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "இன்னாடி பண்ற? இந்தக் குப்பத்துல மட்டும் பத்தொம்பது பாலிசி. எல்லாரு வயசையும் ஏத்தினா பாதிப் பேரு வுட்டுட்டு ஓடிடுவான். அடுத்த வருசம் நமக்கு அட்டைகூட வராது. கமிஷன் போயிடும்."

"ஏஜென்ட் யாரு?"

அவர் சட்டைப் பையில் வாக்குமூலத்தின் நகல் இருந்தது. ராஜாராம் கறாராக ஒரு நகல் கொடுத்திருந்தார். இன்னொன்று மெட்ராசுக்குப் போகிறது. மூன்றாவது, வேண்டுமானால் இலாகாவுக்கே போகும்.

"நீதான்" என்றார்.

"அப்ப குந்துங்க. பேர் சொல்றேன், எழுதுங்க. ஆள நான் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

குந்தினார். மணல் சுட்டது. பக்கத்தில் நெத்திலி காய்ந்தது. முழங்காலின்மேல் அட்டையை வைத்து, அதன்மேல் பாரத்தை வைத்து, இருசப்பன், வயது நாற்பத்தேழு, தொழில் கடலில் மீன் பிடித்தல் என்று எழுதினார். வச்சலா வாங்கி முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, உருண்டையாகக் கையெழுத்துப் போட்டாள்.

ரோட்டுப் பக்கம் இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. உலகநாதன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அங்க இன்னா பாக்கறீங்க? அடுத்தவரு வந்துட்டாரு."

அடுத்தவர் பாலிசியின்படி இருபத்தெட்டு வயதுக்காரர். நரைத்த மார்பின்மேல் பேத்தியைச் சாத்திக்கொண்டு, தடி ஊன்றி மெதுவாக மணலில் வந்துகொண்டிருந்தார்.